அந்த மரணத்தை எடுத்துவிடாதே, தம்பி

அன்புள்ள தம்பி,

தொற்றுநோய் பற்றிய உன் சித்திரக்கதையின் பென்சில் படிவம் வந்து சேர்ந்தது. கீழே வைக்க மனமில்லாமல் படித்து முடித்தேன். “சிறுவர் கதையில் டீச்சர் சாகலாமா? அந்தப் பக்கங்களை எடுத்துவிடுங்கள்” என்று பதிப்பாசிரியர் சொல்கிறார் என எழுதியிருக்கிறாய். எடுக்காதே. குழந்தைகளுக்காக வரைகிற வேறு சிலரும் இதே பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதால்தான் இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

டீச்சரின் உடலைக் கொண்டுபோகும்போது, தொடக் கூடாது என்று அந்தச் சிறுமியைத் தடுக்கிறார்களே, அந்தப் பக்கத்தில்தான் உன் கதைக்கு உயிர் இருக்கிறது. அது பயமுறுத்துவதற்காக இட்டுக்கட்டியதும் அல்ல. 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா என்ற கொடிய வைரஸ் நோய் 11,000 பேருக்கு மேல் பலிகொண்டது. இறந்தவரின் உடலிலிருந்தும் அந்த வைரஸ் தொற்றும். உடலைக் குளிப்பாட்டி, தொட்டு அழுது வழியனுப்புவது அங்கே பல குடும்பங்களின் வழக்கம். பாசத்தோடு தொட்ட கைகள் வழியாகவே நோய் அடுத்த வீட்டுக்குப் போனது. உடல்களைப் பையில் போட்டு அவசரமாகப் புதைக்கத் தொடங்கியதும், மக்கள் உடல்களை மறைக்க ஆரம்பித்தார்கள். பிறகுதான் குடும்பத்தார் பாதுகாப்பான தூரத்தில் நின்று பார்க்கவும், பிரார்த்தனை செய்யவும் இடம் தரும் அடக்க முறை வந்தது. உன் சிறுமிக்கும் அந்த இடத்தைக் கொடு. தள்ளி நின்று டீச்சரிடம் அவள் ஏதாவது சொல்லட்டும். இப்போது அவளைத் தடுத்ததோடு கட்டம் முடிந்துவிடுகிறது. படிக்கிற குழந்தைக்கு மரணத்தைவிட அதுதான் தாங்க முடியாததாக இருக்கும்.

“குழந்தைகளுக்கு இவ்வளவு இருட்டு ஆகாது” என்று சொல்பவர்களுக்கு ஸ்மர்ஃப்களைக் காட்டு, காட்டில் ஊர் அமைத்து வாழும் அந்தக் குட்டி நீல உருவங்களை. அவற்றைப் படைத்த பெல்ஜிய ஓவியர் பெயோ 1959இல் ‘ஸ்பிரூ’ வார இதழில் வரைந்து, 1963இல் விரிவான ஆல்பமாக வந்த ‘கறுப்பு ஸ்மர்ஃப்கள்’ ஒரு முழுநீளக் கொள்ளைநோய்க் கதை. ஒரு ஈ கடித்து ஒரு ஸ்மர்ஃப் கறுப்பாகிறது. பேச்சை இழந்து, வெறிபிடித்து, மற்றவர்களின் வாலைக் கடிக்கிறது. கடிபட்டவர் அடுத்தவரைக் கடிக்கிறார். ஊர்த் தலைவரான பெரியவர் ஸ்மர்ஃப் மருந்து தேடி ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டிருக்க, ஊரில் நலமாக இருப்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். கடைசியில் அவரும் கடிபடுகிறார். எல்லாரையும் காப்பாற்ற வேண்டியவரே விழுந்துவிடுகிற அந்தப் பக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் படித்து வந்திருக்கிறார்கள்.

அதில் நீ எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று, தவிர்க்க வேண்டியது ஒன்று. கறுப்பான ஸ்மர்ஃப் ஒன்று உடம்பில் நீலச் சாயம் பூசிக்கொண்டு நலமாக இருப்பவர்களோடு கலந்துவிடுகிறது. தொற்றுநோயின் மிகப் பெரிய அச்சமே அதுதானே? பார்வைக்கு நன்றாக இருப்பவர் நோயைச் சுமந்து வருவது. உன் கதையில் நோயாளிகள் எல்லாரும் முதல் கட்டத்திலேயே இருமித் தள்ளாடுகிறார்கள். தட்டம்மை வந்தவர், உடலில் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். சிரித்து விளையாடும் ஒரு பையனிடமிருந்து தொற்று தொடங்கட்டும்.

தவிர்க்க வேண்டியது நிறம். நோயுற்றவர்களைக் கறுப்பாக்கியது பின்னாளில் உறுத்தியது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1981இல் அவர்கள் ஊதாவாக மாறினார்கள். 2010இல் வந்த அமெரிக்கப் பதிப்பிலும் ஊதாதான். நீயும் நோயாளிகளுக்கு வேறொரு தோல் நிறம் குறித்து வைத்திருக்கிறாய். வேண்டாம். நோய் வந்தவன் வேறு இனம் என்று ஒரு குழந்தையின் மனதில் ஒருமுறை பதிந்துவிட்டால் அதை யார் துடைப்பது? கொம்பும் பல்லும் வைத்த வைரஸையும் நீக்கிவிடு. அதற்குப் பகையும் இல்லை, கோபமும் இல்லை.

எனக்கு உண்மையாகவே பிடிக்காதது உன் முடிவு. ஒரே இரவில் விஞ்ஞானி மருந்து கண்டுபிடிக்கிறார், விடிந்ததும் எல்லாரும் எழுந்துவிடுகிறார்கள். பெயோவும் ஒரு வெடிப்பில் மருந்து ஊரெங்கும் தூவப்படும்படி முடித்திருக்கிறார். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2011இல் வெளியிட்ட ஜாம்பித் தொற்றுச் சித்திரக்கதை (ஜாம்பி என்றால் நடமாடும் பிணம்), எல்லாம் கனவு என்று சொல்லி நழுவியது. இத்தனை பக்கங்கள் உன்னோடு இருட்டில் நடந்து வந்த குழந்தைக்கு நீ இதைவிட நல்ல முடிவு தரக் கடமைப்பட்டிருக்கிறாய்.

பெரியம்மை எப்படி ஒழிந்தது என்று பார். அதன் கொடிய வகை, வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேரைக் கொன்றது. நோயாளியின் படம் அச்சிட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பணியாளர்கள் வீடு வீடாக, சந்தை சந்தையாக, பள்ளி பள்ளியாகப் போய், “இப்படி யாரையாவது பார்த்தீர்களா?” என்று கேட்டார்கள். கண்டுபிடித்ததும் நோயாளியைத் தனிமைப்படுத்தி, சுற்றியிருந்தவர்களுக்கு அம்மை குத்தினார்கள். 1975 அக்டோபரில் வங்கதேசத்தின் போலா தீவில் ரஹீமா பானு என்ற சிறு குழந்தைக்கு அந்த நோய் இருப்பதைத் தெரிவித்தது யார் தெரியுமா? எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. அதற்காக அவளுக்கு 250 டாகா பரிசு கிடைத்தது. ரஹீமா பிழைத்துக்கொண்டாள். அந்தக் கொடிய வகை இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி அவள்தான். 1980இல் உலக சுகாதார அமைப்பு பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தது.

உன் கதையின் சிறுமிக்கும் ஏறக்குறைய அதே வயது. டீச்சர் இறந்தபின் அவள் வெறுமனே அழுதுகொண்டு மருந்துக்குக் காத்திருக்கிறாள். அவளுக்கு ஒரு வேலை கொடு. யார் யாரோடு விளையாடினார்கள், எந்த வீட்டில் யார் மூன்று நாளாக வெளியே வரவில்லை என்பதெல்லாம் பெரியவர்களைவிட அவளுக்குத்தானே நன்றாகத் தெரியும்? செவிலியரோடு அவள் போகட்டும். சில கதவுகள் திறக்காமல் போகட்டும். ஒரு வீட்டுக்கு அவர்கள் தாமதமாகவே போய்ச் சேரட்டும்.

கடைசி ஆறு பக்கங்களை மட்டும் மறுபடி வரைந்து அனுப்பு. அதுவரை டீச்சர் இறக்கும் பக்கங்களைப் பதிப்பாசிரியரிடம் விட்டுக்கொடுக்காதே. அவர் மறுத்தால் இந்தக் கடிதத்தையே காட்டு. நானும் அவரிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்