மூலிகைப் பொட்டலத்தின் மேல் எச்சரிக்கையை அச்சிடச் செய்யுங்கள்

மதிப்பிற்குரிய இந்திய மருத்துவத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நாட்டு மருந்துக் கடைகளில் எடை போட்டுக் கட்டித் தரும் பொடிகளும், 'ஹெர்பல் டீ' என்று விற்கும் பாக்கெட்டுகளும் எந்த நிலையில் மக்கள் கைக்கு வருகின்றன என்பது தாங்கள் அறியாததன்று. ஆகவே நேராகக் கோரிக்கைக்கு வருகிறேன். காய்ச்சிக் குடிப்பதற்கென விற்கும் ஒவ்வொரு மூலிகைப் பொட்டலத்தின் மேலும் அதில் என்னென்ன சேர்ந்துள்ளன, எவ்வளவு நீருக்கு எவ்வளவு போட வேண்டும், எத்தனை நாள் குடிக்கலாம், யார் குடிக்கவே கூடாது என்பவற்றைத் தமிழில் அச்சிடுவதைக் கட்டாயமாக்குங்கள்.

என் தாயார் பல ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர். வறட்டு இருமலுக்கென்று வாங்கிய மூலிகைத் தேநீர்ப் பொடியை இரண்டு வேளையும் விடாமல் குடித்துவந்தார். கணுக்கால் வீங்கியது, விரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நின்றது. அழுத்தம் ஏறி, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, படியேறக் கால் துவண்ட பிறகு மருத்துவமனையில் சேர்த்தோம். என்ன குடிக்கிறார் என்று மருத்துவர் கேட்டதும் பொட்டலத்தை நீட்டினேன். முன்பக்கம் துளசி இலைப் படம். பின்பக்கம் 'சளி, இருமல் நீங்கும், பக்க விளைவு அற்றது' என்ற வரியும் விலையும். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு சிட்டிகையை நாவில் வைத்து, "இனிக்கிறதே, அதிமதுரமா?" என்று என்னிடமே கேட்டார். கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்த பிறகே, பெரும்பங்கு அதிமதுரம்தான் என்பது தெரிந்தது.

அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும் என்பது தங்கள் துறையினருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பானத்தில் அது லிட்டருக்கு 50 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மிகுதியாகப் பருக வேண்டாம் என்று அச்சிட வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2004-லேயே ஆணையிட்டது. அதிமதுரத்தைத் தலைமுறை தலைமுறையாக மருந்தாக அறிந்த நம் நாட்டில் அந்த ஒற்றை வரிக்கு இடமில்லாமல் போனது எப்படி?

சித்த மருத்துவத்தின் மேல் குறை கூற இதை எழுதவில்லை. நல்ல வைத்தியர் நாடி பார்த்து, வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, அளவும் நாளும் சொல்லித்தான் தருகிறார். குடிநீரின், அதாவது மூலிகை காய்ச்சிய கஷாயத்தின், ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம் என்பதும் அந்த மருத்துவம் வகுத்த வரையறையே. நான்கில் ஒன்றாக வற்றவைத்து, வடிகட்டி, அவ்வப்போது புதிதாகக் குடிக்க வேண்டியதை, காலையில் காய்ச்சி ஃபிளாஸ்க்கில் ஊற்றி இரவு வரை குடிக்கிறார்கள். கூடாது என்று பொட்டலம் சொல்வதில்லை. வேறு யாரும் சொல்வதில்லை.

உடல் இளைக்க என்று விற்கும் தேநீர்களில் நிலாவாரை சேர்வதையும் அறிவீர்கள். பேதியாக்கும் அந்த இலையை ஓரிரு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது. வாங்குகிற இளம்பெண்களோ மாதக்கணக்கில் குடிக்கிறார்கள். 2020 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்தில், கொரோனாவுக்கு மருந்தென ஒரு வீடியோவை நம்பி ஊமத்தையைக் கலக்கிக் குடித்தவர்கள் மருத்துவமனையில் கிடந்தார்கள். செடியிலிருந்து வருவது எதுவும் கெடுக்காது என்ற நம்பிக்கையைக் கடைகள் வளர்க்கின்றன. மறுத்துச் சொல்ல வேண்டியவர்கள் பேசாமல் இருக்கிறார்கள்.

மருந்தாக உரிமம் பெற்றவற்றில் சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டும் என்று 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 161-ஆம் விதி ஏற்கெனவே கூறுகிறது. அதே சரக்கு தேநீர் என்ற பெயரில் உணவுப்பொருளாகும்போதும், காகிதத்தில் மடித்துத் தரப்படும்போதும் பொறுப்பு யாருடையது என்பதை உணவுப் பாதுகாப்புத் துறையோடு அமர்ந்து முடிவு செய்யுங்கள். நோயாளியின் வீட்டார் அதைத் தேடி அலைய முடியாது.

வடகிழக்குப் பருவமழையோடு காய்ச்சல் காலம் தொடங்கும். எல்லா வீட்டு அடுப்பிலும் ஏதேனும் ஒரு குடிநீர் கொதிக்கும். அதற்கு முன்பாக, சேர்மானம், அளவு, நாள், விலக்கு ஆகிய நான்கையும் தமிழில் அச்சிடுமாறு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்றும், எடை போட்டு விற்கும் கடைகளுக்கு ஒரு துண்டுச்சீட்டையாவது தங்கள் துறையே அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தஞ்சாவூரிலிருந்து ஒரு மகள்