பொதுமுடக்க விவாதம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். கொரோனா காலக் கட்டுப்பாடுகள் பற்றி நேற்று இங்கே நடந்த வாக்குவாதத்தை முழுவதும் படித்தேன். தளர்வு கேட்டவரைக் கொலைகாரர் என்றும், கண்டிப்பு கேட்டவரைக் கோழை என்றும் எழுதிய பதிவுகளை நீக்கிவிட்டேன். விவாதம் தொடரட்டும், வசவு வேண்டாம்.

இது விவரம் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் இடையிலான சண்டை அல்ல. 2020 அக்டோபரில் கிரேட் பாரிங்டன் பிரகடனம் என்ற கூட்டறிக்கை, ஆபத்து குறைந்தவர்கள் இயல்பாக வாழட்டும், முதியவர்களைக் காப்போம் என்றது. அதே மாதம் ஜான் ஸ்னோ குறிப்பாணை என்ற இன்னொரு கூட்டறிக்கை அதை மறுத்தது. இரண்டிலும் அறிவியலாளர்களே கையெழுத்திட்டார்கள்.

கடுமையான பொதுமுடக்கம் போடாத சுவீடனை இரு தரப்பும் இழுக்கிறீர்கள். எந்த ஆண்டு என்று சொல்லுங்கள். 2020இல் அண்டை நாடான நார்வேயைவிட அங்கே கொரோனா இறப்பு விகிதம் பல மடங்கு அதிகம். 2020 முதல் 2022 வரை சேர்த்துப் பார்த்தால், வழக்கத்தைவிடக் கூடுதலான இறப்புகள் ஐரோப்பாவிலேயே குறைவாக இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. நியூசிலாந்து எல்லையை மூடித் தப்பித்தது உண்மைதான், ஆனால் அது தீவு.

என் கருத்து இது: தடுப்பூசி இல்லாத முதல் மாதங்களில் கண்டிப்பு தேவைப்பட்டது. பள்ளிகளை நீண்ட காலம் மூடி வைத்தது தவறு. சாகக் கிடந்தவர் அருகில் ஒரு பிள்ளையைக்கூட விடாத விதியை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. மறுப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள்.

அப்புறம், யார் பேசியது என்றே தெரியாத குரல் பதிவுகளை இனி அனுப்ப வேண்டாம்.