மூன்றாம் எண் சட்டை போடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

இன்னும் எட்டு கிலோ ஏற்றினால் வெளிநாட்டு ரக்பி கிளப் ஏதாவது சேர்த்துக்கொள்ளுமா என்று கேட்டிருந்தாய். எடைக்கு இப்போது என்ன அவசரம்? விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், ஓடுகிறவன் இருபது வயதில் தேசிய அணிக்குப் போய்விடலாம். உன்னைப்போல் முன்வரிசையின் வலப்பக்கம் நிற்கும் டைட்ஹெட் ப்ராப் பெரும்பாலும் இருபத்தைந்தைத் தாண்டித்தான் தேறுவான். இங்கிலாந்தின் டேன் கோல் 2010-இல் 22 வயதிலேயே வந்தது விதிவிலக்கு.

காரணம் ஸ்க்ரமில், அதாவது இரு அணியும் குனிந்து பிணைந்து ஒன்றையொன்று தள்ளும்போது, நீ நிற்கும் இடம். முன்வரிசையின் இடப்பக்கம் நிற்கும் லூஸ்ஹெட்டுக்கு ஒரு தோள் வெளியே இருக்கும். உனக்கு இரண்டு தோளும் உள்ளே. எதிரணியின் லூஸ்ஹெட் ஒரு பக்கம், நடுவில் நிற்கும் ஹூக்கர் மறுபக்கம் என்று இருவரும் உன்மேல்தான் அழுத்துவார்கள்.

நடுவர் "க்ரவுச்" (குனி) என்றதும் பாதங்களைத் தோள் அகலத்துக்கு வை. முதுகு நேராக இருக்கட்டும். தோள் இடுப்பைவிடத் தாழக் கூடாது. கால் ரொம்பப் பின்னால் போனால் உடம்பு நீண்டு, நெஞ்சு தரையில் மோதும். ரொம்ப முன்னால் இருந்தால் தள்ள இடமில்லாமல் மேலே கிளம்பிவிடுவாய். "பைண்ட்" (பிடி) என்றதும் வலக்கையை எதிராளியின் இடது மேற்கைக்கு வெளியே கொண்டுபோய், முதுகிலோ விலாவிலோ ஜெர்சியைப் பிடி. சட்டைக் கையையோ காலரையோ பிடித்தால் தப்பு. பாதிக் குற்றம் முழங்கையில்தான்: அது தரையைப் பார்த்தால் அவனையும் இழுத்துக்கொண்டு விழுவாய், பெனால்டி அவர்களுக்கு. இரு வரிசையும் மோதும் "செட்"டுக்குப் பிறகு எதிரணி ஹூக்கரை நோக்கிச் சாய்ந்து குடையாதே. பள்ளி ஆட்டத்தில் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். பெரிய ஆட்டங்களுக்குப் போனால் விடமாட்டார்கள்.

2019 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை மறுபடி பார். மூன்றாவது நிமிடத்தில் இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சிங்க்லர் தலையில் அடிபட்டு வெளியேற, டேன் கோல் உள்ளே வந்தார். பெஞ்சில் வேறு டைட்ஹெட் கிடையாது. ஆட்டம் முடியும்வரை அவரே தாக்குப்பிடிக்க வேண்டியதாயிற்று. எதிரே தென்னாப்பிரிக்காவின் லூஸ்ஹெட் டெண்டாய் ம்டாவரீரா. இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்கா புது ப்ராப்களை வேறு இறக்கியது. ஸ்க்ரமில் பெனால்டிகள் குவிந்தன. தென்னாப்பிரிக்கா 32-12 என்று வென்றது. பழியெல்லாம் கோல் தலையில் விழுந்தது. அது நியாயமே இல்லை என்பேன். 2023-இல்தான் இங்கிலாந்து அவரை மறுபடி அழைத்தது. நான்கு உலகக் கோப்பைகள், 118 சர்வதேச ஆட்டங்கள். 38 வயதில் 2025-இல் ஓய்வு. எடை மட்டும் அவரை அத்தனை காலம் காப்பாற்றியிருக்காது.

இன்னொன்றும் உனக்குச் சாதகம். 23 பேர் கொண்ட ஆட்டக் குழுவில் முன்வரிசையில் ஆடத் தகுதியானவர்கள் ஆறு பேராவது இருக்க வேண்டும். அதனால் நல்ல டைட்ஹெட்டுக்கு எப்போதும் கிராக்கி.

எடைக்கு முன் கழுத்தைக் கவனி. கூட்டாளி உன் தலையை முன், பின், இரு பக்கம் என்று கையால் அழுத்தட்டும். நீ அசையாமல் பத்து விநாடி தாங்கு. வாரம் மூன்று நாள் போதும். வலி தோளுக்கோ கைக்கோ இறங்கினால் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்.

வெளிநாட்டுக்குப் போனவுடன் அந்த நாட்டுக்கு ஆடிவிடலாம் என்று எண்ணாதே. பிறப்போ பெற்றோர், தாத்தா பாட்டி வழியோ இல்லையென்றால் குறைந்தது ஐந்து வருடமாவது காத்திருக்க வேண்டும். ஒப்பந்தம் கைக்கு வந்தால் சம்பளத் தொகைக்கு முன் காயப் பகுதியைப் படி: அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது, ஆடாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, எத்தனை மாதம் போனால் கிளப் ஒப்பந்தத்தை முறிக்கலாம். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
அண்ணன்