முறிகண்டியில் ஆரும் ரிக்கற் கிழிக்கிறேல்லை

பரந்தன்,
மார்கழி, ஞாயிறு இரவு.

அன்பின் மச்சான்,

உன்ர நீளமான மின்னஞ்சல் வந்து பத்து நாளாச்சு. கோவிக்காதை, வயலுக்க நிண்டனான். இரண்டாம் பசளை எறியிற நேரம் பார்த்து மழை பிடிச்சு, இரணைமடுக் குளத்து வான்கதவும் திறந்தாச்சு. 2018 மார்கழி மாதிரி வெள்ளம் வீட்டுக்கு வருமோ எண்டு அம்மா அரிசி வாளியைத் தூக்கி அலுமாரிக்கு மேல வைச்சிட்டா. வெள்ளம் வரேல்லை, வாளியும் இன்னும் இறங்கேல்லை. பள்ளிக்கூடம் லீவு. அதால இண்டைக்கு ஆறுதலா இருந்து எழுதுறன்.

எங்கட சனம் கேள்வி கேக்கவும் அறிவித்தல் போடவுமெண்டு ஒன்பது வருசமா நீ நடத்துற இணையத்தளத்துக்கு இப்ப வருசம் ஐயாயிரம் டொலர் உன்ர பொக்கற்றிலயிருந்து போகுதெண்டு எழுதியிருந்தாய். அந்தக் காசுக்கு ஒருக்கா ஊருக்குப் போய் வந்திருக்கலாம் எண்டு மச்சாள் சொன்னதிலயும் பிழையில்லை. ஆனால் விளம்பரக் கொம்பனி, மாதம் இரண்டு டொலர் சந்தா, இல்லாட்டி வாறவனுக்கு வித்துப்போட்டு ஒதுங்கிறது எண்டு நீ எழுதின மூண்டு வழியும் என்ர வயித்தைக் கலக்கிப்போட்டுது.

விளம்பரத்தை முதல் எடு. அந்தக் கொம்பனியோட சேர்ந்தால் என்ன விளம்பரம் வருமெண்டதை நீ தீர்மானிக்கிறேல்லை. ஏலத்தில கூடக் கேட்டவன்தான் தீர்மானிக்கிறான். வன்னியில இருந்து பார்க்கிற ஆக்களுக்குக் கூடக் கேக்கப்போறது ஆர்? கடன் குடுக்கிறவன். நுண்கடனால இஞ்ச எத்தினை குடும்பம் அழிஞ்சதெண்டு உனக்குத் தெரியும். 2018இல வரட்சி பாதிச்ச மாவட்டங்களில பெண்கள் எடுத்த கடனில ஒரு இலட்சம் ரூபாய் வரைக்கும் அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. எங்கட தளத்தில மிளகாய்க்கண்டு எங்க கிடைக்குமெண்டு கேட்கிற ஒரு அக்கா, அதுக்குப் பக்கத்தில 'அடையாள அட்டை போதும், பத்து நிமிசத்தில காசு' எண்டு மினுங்கிறதைக் கண்டால், நாங்கள் சொன்னதாத்தான் எடுப்பா. அவ தவணை கட்டேலாமல் நிக்கிற நாளில அவவின்ர முகத்தில நான்தான் முழிக்கவேணும். நீ ஸ்காபரோவில இருக்கிறாய்.

சந்தாக் கதை இன்னும் கஷ்டம். உயர்தரப் பிள்ளையளுக்கு இணையம் படிப்பிக்கிறதால இப்பிடியான கதையள் கனக்க வாசிக்கிறன். கவுச்சேர்ஃபிங் எண்டு ஒரு தளம். ஊர்ஊராத் திரியிறவைக்குத் தங்கட வீட்டில ஒரு சோபாவைச் சும்மா குடுக்கிற ஆக்களின்ர தளம். 2020 மே மாதம், கொரோனாவில ஒருத்தரும் ஒரு இடமும் போகாத நேரம், அவை உள்ள போய்ப் பார்க்கினம், காசு கட்டினால்தான் தங்கட பக்கத்தையே பார்க்கலாமாம். வருசக்கணக்கா ஆக்களுக்குப் பாயும் தலகணியும் குடுத்தவனுக்கு அவன்ர வாசல்லயே ரிக்கற் கிழிச்சமாதிரி. தொகை பெரிசில்லை, ஒரு தேத்தண்ணிக் காசு. ஆனால் எரிச்சல் தொகையைப் பார்த்து வாறதில்லை. அந்தத் தளத்தைத் தளமாக்கினது தாங்கள்தானே எண்ட நினைப்பில வந்தது.

பாவிக்கிறவனைப் பகைச்சால் தளம் சாகும் எண்டு உன்னைப் பயப்படுத்தவும் விருப்பமில்லை, ஏனெண்டால் அது எப்பவும் உண்மையில்லை. சனம் செய்தி இணைப்புகளைப் போட்டு வாக்குப் போடுற டிக் எண்ட தளம் 2010 ஆவணியில முகத்தை மாத்தி, பெரிய ஊடகங்களுக்கு முன்வரிசை குடுத்தது. சனம் கோவத்தில அதின்ர முகப்பு முழுக்க, ரெடிட் எண்ட அதேமாதிரித் தளத்தின்ர இணைப்புகளைப் போட்டு நிரப்பிப்போட்டு அங்கயே குடிபோச்சு. இரண்டு வருசத்துக்குப் பிறகு அந்தப் பேர் விலைபோனது ஐஞ்சு இலட்சம் டொலருக்கு எண்டு செய்தி. இப்ப ரெடிட்டைப் பார். 2023இல, வெளியாக்கள் செய்த செயலியள் ரெடிட்டிலயிருந்து ஆயிரம் தரம் தகவல் எடுத்தால் டொலர்க் கணக்கில 24 சதம் எண்டு விலை வைச்சினம். அப்பலோ எண்ட ஒரு செயலிக்கு மட்டும் வருசம் 20 மில்லியன் டொலர் வருமெண்டு அதைச் செய்த பெடியன் கணக்குப் பார்த்துச் சொல்லி, ஆனி முடிய இழுத்து மூடினான். எட்டாயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள் கதவைச் சாத்திக் கடையடைப்புச் செய்தது. என்ன நடந்தது? ஒண்டுமில்லை. அடுத்த வருசம் பங்குச் சந்தைக்குப் போச்சு, அதே வருசம் மூண்டாம் காலாண்டில இலாபமும் காட்டிச்சு.

டிக்கை விட்டவனுக்குப் போக ஒரு ரெடிட் இருந்தது. ரெடிட்டை விட்டவனுக்குப் போக இடம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அப்ப உன்னட்டை இருக்கிறது எந்தச் சனம்? ஒவ்வொருத்தற்றை போனிலயும் பேஸ்புக்கும் வைபரும் கிடக்கு. அதோட எங்கட ஆக்கள் இடம்பெயர்ந்து பழகின ஆக்கள், மூட்டை கட்ட ஒரு இரவு போதும்.

இதில இன்னொண்டு. தொண்ணூறுகளில பற்றரிக்குத் தடை இருந்த நேரம், உன்ர அப்பாவின்ர சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில றேடியோ கேட்டது ஞாபகம் இருக்கோ? சுத்தியிருந்தவைக்கெல்லாம் செய்தி கேட்கும். சுத்துறவனுக்குச் சில்லு இரையிற சத்தம்தான் கேட்கும். தளத்தில சண்டை பிரிக்கிற, பொய்ச் செய்தி அழிக்கிற ஆறு பேரும் அந்தச் சுத்துறவைதான். எங்கட ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியரை எடு. ஆரோ தருமபுரத்திலயிருந்து மஞ்சளான பயிரின்ர படம் போட, இரவு பதினொரு மணிக்கும் அடித்தண்டில கபிலநிறத் தத்தி இருக்கோ எண்டு விரிச்சுப் பார்க்கச் சொல்லிப் பதில் போடுறார். தளத்தின்ர விலை எண்டு ஒண்டு இருந்தால் அது அந்தப் பதில்தான். நீ தளத்தை விக்கேக்க அவரையும் சேர்த்தோ விக்கிறாய்? பழைய பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவுக் கொம்பனிக்குக் குடுக்கலாம் எண்டு நீ இடையில எழுதினதுக்கும் அதே கேள்விதான், அதில வேற கதையில்லை.

சரி, காசு எங்க? எனக்கொரு எண்ணம் இருக்கு, முகம் சுழிக்காமல் வாசி. மரண அறிவித்தல்.

சின்னனில இலங்கை வானொலியில மரண அறிவித்தல் போகேக்க எங்கட அப்பா சோத்துக் கோப்பையோட அப்பிடியே நிப்பார், நாங்கள் மூச்சுக் காட்டேலாது. அதுவும் காசு கட்டிப் போட்ட விளம்பரம்தான். எங்கட சனம் தேடிப் போய் வாசிக்கிற ஒரே விளம்பரம் அது. இண்டைக்கும் அப்பிடித்தான். புதுக்குடியிருப்பில பிறந்து ஒஸ்லோவில செத்தவரின்ர செய்தி, லண்டனில இருக்கிற கூடப்படிச்சவனுக்குப் போகவேணும் எண்டு பிள்ளையள் விரும்புகினம், அதுக்குக் காசு குடுக்க ஒருத்தரும் பின்நிக்கிறேல்லை. அந்திரட்டி, ஆண்டுத் திவசம் எண்டு அது தொடரும். சாவில உழைக்கிறதோ எண்டு கேட்பாய். பந்தல்காரனுக்கும் கதிரை வாடகைக்கும் குடுக்கிறம்தானே. நீ இவ்வளவு காலமும் இதைச் சும்மா போட்டுக்கொண்டு, மிளகாய்க்கண்டு தேடுறவவிட்டை மாதம் இரண்டு டொலர் கேட்க நினைச்சது எனக்கு விளங்கேல்லை.

ஆனால் வெளிநாட்டில இருந்து போடுறவைக்குத்தான் காசு. இஞ்சத்தைக் குடும்பங்களுக்கு இலவசம், விசாரிக்கிறதும் வேண்டாம். இரண்டு பேர் பொய் சொல்லிப் போட்டால் போட்டிட்டுப் போகட்டும். காணி விற்பனையையும் அதுக்குள்ள கொண்டு வரலாம், ஏக்கர் கணக்கில விக்கிறவன் குடுக்கட்டும். உறுதி, அனுமதிப்பத்திரம் எண்டு அதில சிக்கல் கூட, அது பேந்து.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலை நினை. ஏ9 றோட்டில போற வாகனம் எல்லாம் நிக்குது. நில்லெண்டு ஒருத்தரும் மறிக்கிறேல்லை. தேங்காய் அடிச்சு, உண்டியலில சில்லறை போட்டு, கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டுதான் ஏறுகினம். அங்க றோட்டுக்குக் குறுக்க ஒரு தடி போட்டு நூறு ரூபாய் கேட்டுப் பார், அண்டைக்கே பிள்ளையார் தனிச்சுப் போவார்.

எதையும் செய்ய முதல், அந்தக் கட்டணச் சீட்டைப் படம் எடுத்து முகப்பில போடு. ஒன்பது வருசமா நீ கட்டுறது ஒருத்தருக்கும் தெரியாது. கொம்பனி ஒண்டு பின்னால நிக்குதெண்டுதான் பாதிப்பேர் நினைச்சுக்கொண்டிருக்கினம். 2002இல ஸ்பானிய விக்கிப்பீடியாவில விளம்பரம் வரலாம் எண்ட கதை வந்ததுக்கே ஒரு கூட்டம் பிரிஞ்சு போய் வேறொரு கலைக்களஞ்சியம் தொடங்கினது, விளம்பரம் வரவேயில்லை. எங்கட ஆக்களும் வேலிக்கு மேலால கேட்ட கதைக்குத்தான் முதல் கொதிப்பினம். அதால உன்ர வாயால முதல் கேட்கட்டும்.

போதனாசிரியருக்கு மாதம் ஒரு டேட்டாக் காட் போடுற காசாவது அந்த வருமானத்தில ஒதுக்கு. வேண்டாமெண்டுதான் சொல்லுவார். நான் போட்டுவிடுறன்.

அறிவித்தல் பகுதிக்கு விலைப் பட்டியல் ஒண்டு எழுதி இதோட அனுப்புறன், டொலர்க் கணக்கு எனக்குப் பிடிபடாது, நீ திருத்து. சனி இரவு உங்கட ஒன்பது மணிக்கு எடு, எனக்கு ஞாயிறு விடிய ஏழரை. கரண்ட் நிண்டாலும் போனில சார்ஜ் வைச்சிருப்பன். மச்சாளுக்கு ஒரு கிலோ வறுத்த கச்சான், உன்ர தம்பி தையில திரும்பேக்க குடுத்துவிடுறன். போன முறை மாதிரி கொழும்பிலயே திண்டு முடிக்க வேண்டாமெண்டு சொல்லிவை.

உன்ர,
கடைசி வாங்குக் கூட்டாளி