மின்பொறியியலிலிருந்து தத்துவத்துக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பொறியியல் முடித்த கையோடு மகள் தத்துவம் படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள், என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். தடுக்காதே. தத்துவ அறிஞர் ஃப்ரெட் ட்ரெட்ஸ்கி அப்படி வந்தவர்தான். அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்துக்கொண்டிருந்தவரை, அங்கே எடுத்த ஒரே ஒரு தத்துவப் பாடம் இழுத்துக்கொண்டது. 1954இல் பட்டம், கொஞ்ச காலம் ராணுவம், 1960இல் மினசோட்டாவில் முனைவர் பட்டம். அப்புறம் விஸ்கான்சினில் 28 வருடம், அதன் பிறகு ஸ்டான்ஃபோர்டு. 2013இல் காலமானார்.

படித்த பொறியியல் வீண்போகவில்லை. 1981இல் வந்த தன் புத்தகத்தில், ஒரு செய்தியில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்று கணக்கிடும் கிளாட் ஷானனின் தகவல் கோட்பாட்டைக் கையில் எடுத்தார். ஷானனுக்குத் தகவலின் அளவு போதும்; அது எதைப் பற்றியது என்பது தேவைப்படவில்லை. ட்ரெட்ஸ்கிக்கு அதுதான் வேண்டியிருந்தது. தகவலால் உண்டான நம்பிக்கையே அறிவு என்றார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, பிழையைப் பற்றி அவர் யோசித்த விதம். கடலில் வாழும் சில பாக்டீரியாக்களின் உடலுக்குள் நுண்ணிய காந்தங்கள் உண்டு. வட அரைக்கோளத்தில் காந்த வடக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தப் பக்கமே நீந்தினால், அவற்றுக்கு நஞ்சான ஆக்ஸிஜன் மிகுந்த மேல்நீரிலிருந்து தப்பலாம். அவற்றைத் தென் அரைக்கோளத்தில் கொண்டுபோய் விட்டால்? மேலே நீந்திச் செத்துப்போகும். காந்தம் பிழை செய்ததா? வடக்கைக் காட்டுவது அதன் வேலை என்றால், சரியாகத்தான் காட்டியது. ஆக்ஸிஜன் இல்லாத இடத்தைக் காட்டுவது வேலை என்றால், தவறிவிட்டது. எது அதன் வேலை என்று எப்படித் தீர்மானிப்பது? கற்றுக்கொள்ளும் உயிர்களுக்கு அவர் ஒரு பதில் வைத்திருந்தார்: உள்ளே இருக்கும் நிலைக்கு இன்ன வேலை என்பதை அனுபவமே ஒதுக்கிக்கொடுக்கிறது. அப்படி ஒரு வேலை இருந்தால்தானே அதில் தவற முடியும்? மனம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு, இப்படித் தவற முடிகிற இடத்தைவிட நல்ல இடத்தை யாரும் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

வரிக்குதிரை விஷயத்தில் மட்டும் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. மிருகக்காட்சிசாலையில் வரிக்குதிரையைப் பார்க்கிறாய். அது வரிக்குதிரை என்று உனக்குத் தெரியும். ஆனால் அது கோடு வரைந்த கோவேறு கழுதை அல்ல என்பது உனக்குத் தெரியாது, அப்படிப்பட்ட கழுதையும் பார்வைக்கு இதேபோலத்தானே இருக்கும் என்று 1970இல் எழுதினார். அது எப்படி? முதலாவது தெரிந்தால் இரண்டாவதும் தெரியத்தானே வேண்டும்? ஆனால் அவர் வாதத்தில் ஓட்டை எங்கே என்று கேட்டால் என்னால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. உன் மகளிடம் கேட்டுப் பார், என்ன சொன்னாள் என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்