சித்தி, அந்த ரத்தப் பரிசோதனை வேண்டாம்

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். ரத்தம் எடுத்து அதில் புற்றுச் செல்களை எண்ணினால் போதும், மார்பகப் புற்றுநோய் திரும்பி வருகிறதா என்று தெரிந்துவிடுமாம், மேமோகிராமே (மார்பக எக்ஸ்ரே) தேவையில்லையாம். "எடுத்துப் பார்த்துவிடட்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல் பொய்யில்லை என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

புற்றுக்கட்டியிலிருந்து செல்கள் கழன்று ரத்தத்தில் கலப்பது உண்மைதான். 1869-லேயே ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வர்த் என்ற மருத்துவர், புற்றுநோயில் இறந்துபோன ஒருவரின் கால் ரத்தக்குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தில், அவர் உடம்புக் கட்டிகளில் இருந்தது போன்ற செல்களைப் பார்த்து எழுதிவைத்தார். அவற்றை எண்ணிச் சொல்லும் செல்சர்ச் என்ற கருவிக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது 2004-ல்.

எண்ணுவது லேசுப்பட்ட வேலையில்லை. எடுப்பது 7.5 மில்லி ரத்தம். அதில் சிவப்பணுக்கள் மட்டும் மூவாயிரம் கோடிக்கு மேல். வெள்ளணுக்கள் சில கோடி. தேடுகிற செல்லோ நாலோ ஐந்தோ. கட்டிச் செல்களின் மேல் இருக்கும் எப்கேம் என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் நுண்ணிய இரும்புத் துகள்களை ரத்தத்தில் கலந்து, காந்தம் வைத்து இழுக்கிறார்கள். கூடவே சில வெள்ளணுக்களும் வந்து சேரும். சாயம் ஏற்றி, உட்கரு தெரிகிறதா, கட்டிச் செல்லில் இருக்கும் கெரட்டின் என்ற புரதம் இருக்கிறதா, வெள்ளணுவின் அடையாளம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவி எடுத்துத் தரும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது அதுதான், இது இல்லை என்று முடிவு சொல்வது கடைசியில் ஒரு மனிதர்தான்.

இந்த எண்ணிக்கை என்ன சொல்கிறது என்று பார்த்து 2004-ல் வந்த ஆய்வில் மார்பகப் புற்றுநோய் உள்ள 177 பேர் இருந்தார்கள். ஐந்தும் அதற்கு மேலும் செல்கள் இருந்தவர்களுக்கு நோய் சீக்கிரம் முற்றியது. பயந்துவிடாதீர்கள், அவர்கள் எல்லோருக்குமே நோய் ஏற்கெனவே மற்ற உறுப்புகளுக்குப் பரவியிருந்தது. உங்கள் நிலைமை வேறு.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வைப் பற்றி. முதல் சுற்று கீமோவுக்குப் பிறகும் எண்ணிக்கை குறையாதவர்களில் ஒரு பகுதியினருக்கு உடனே மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை. நோய் பரவியவர்களுக்கே நிலைமை இது என்றால், சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கும் உங்களுக்கு அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? ஹார்மோன் மாத்திரையா கீமோவா என்று தேர்ந்தெடுக்க இந்த எண்ணிக்கை உதவும் என்று பிரான்ஸில் ஒரு ஆய்வு காட்டியது. அதுவும் நோய் பரவியவர்களிடம்தான்.

'பூஜ்யம்' என்று ரிப்போர்ட் வந்தாலும் நிம்மதி அடைய முடியாது. எப்கேம் இல்லாத புற்றுச் செல்களும் உண்டு. அவற்றைக் காந்தம் பிடிக்காது. உடம்பில் ஓடும் நாலைந்து லிட்டரில் நாம் பார்ப்பதோ ஒன்றரை ஸ்பூன். அந்தப் பூஜ்யத்தை நம்பி மேமோகிராமை விட்டுவிடுவீர்களோ என்பதுதான் என் பயம்.

வருஷத்துக்கு ஒருமுறை மேமோகிராம், டாக்டர் சொன்ன தேதியில் செக்கப், ஹார்மோன் மாத்திரையை நிறுத்தாமல் போடுவது, இவை போதும். முதுகுவலியோ மூச்சுவாங்கலோ விடாமல் இருந்தால் மட்டும் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். லேப்காரர் மறுபடி போன் செய்தால், "ஐந்து என்று வந்தால் என் டாக்டர் எந்த மருந்தை மாற்றுவார்?" என்று கேளுங்கள். சித்தப்பாவுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். பணம் கட்டத் துடிப்பது அவர்தான் என்று எனக்குத் தெரியும்.