கர்ணனுக்கு முகம் வேண்டுமாம்

அன்பு மாப்பிள்ளை,

இங்கே எல்லோரும் சுகம். உன் முட்டிவலி பற்றித் தங்கச்சி சொன்னாள். மாடிப்படியில் வீரம் காட்டாதே. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்து ஜமா (கூத்துக் குழு) ஒன்று அடுத்த மாதம் சென்னையில் ‘கர்ண மோட்சம்’ ஆடுகிறது. போஸ்டர் வரையும் வேலை என் தலையில். ராத்திரி முழுக்க உட்கார்ந்து கூத்துப் பார்த்தேன். நோட்டு நிறையக் கிரீடமும் தோளில் கட்டுகிற புஜகீர்த்தியுமாக வரைந்து தள்ளினேன். விடிந்ததும் புரட்டினால், அதில் யாரை வேண்டுமானாலும் துரியோதனன் என்று சொல்லிவிடலாம்!

போருக்குப் புறப்படுகிற கர்ணனை அவன் மனைவி பொன்னுருவி மறித்து, பிறப்பைச் சொல்லிக் குத்துகிறாளே, கூத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அர்ச்சுனன் அம்பெல்லாம் அப்புறம். அதை எப்படி ஒரு தாளில் கொண்டுவருவது? கடைசியில் திரையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் பிடித்த துணி, மேலே கிரீடத்தின் நுனி. துணிக்குக் கீழே இரண்டு ஜோடி சலங்கைக் கால்கள்: ஒன்று வெளியே போகத் திரும்பியிருக்கிறது, மற்றது அதற்கு எதிரே ஊன்றி நிற்கிறது. அவ்வளவுதான் படம்.

ஜமாவின் வாத்தியார் பார்த்துவிட்டு, “அவங்க ரெண்டு பேரும் ஒரே திரைக்குப் பின்னால வர்றதே கிடையாதே” என்றார். அப்புறம், “மூஞ்சி எங்கே?”

“போலந்துக் கதையை ஆரம்பிச்சுட்டியா” என்று நீ சிரிப்பாய். ஆனாலும் அந்த ஊர் போஸ்டர் ஓவியர் யான் லெனித்சா 1964-ல் ‘வோட்செக்’ ஓபராவுக்கு வரைந்தாரே, காதலியைக் கத்தியால் குத்திக் கொல்கிற சிப்பாயின் கதை அது, படத்தில் சிப்பாய் உண்டா, கத்தி உண்டா? சிவப்பு அலைகளுக்கு நடுவே திறந்த வாய் ஒன்றுதான். 1966-ல் வார்சா போஸ்டர் கண்காட்சியில் தங்கப் பதக்கமே கொடுத்தார்கள். இதையெல்லாம் வாத்தியாரிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

பிறகு சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இளவயதிலிருந்து கர்ணன் வேஷம் கட்டுகிறவர். அவர்கள் நோட்டீஸில் ஊர் பேரும் ஜமா பேரும்தான் இருக்கும், படம் போட்டதே இல்லையாம். “இன்னும் எத்தனை வருஷம் ஆடப்போறேன்? ஒரு தடவை சுவத்துல என் மூஞ்சி இருக்கட்டுமே” என்றார். கூத்தின் சாரம், சாரம் என்று நான் பேசிக்கொண்டிருக்கிறேன், ராத்திரி முழுக்க அதைச் சுமந்து ஆடுகிற மனுஷனையோ துணிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறேன்.

அவர் முகத்தையும் வரைந்துவிட்டேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் கால் படம்தான் போஸ்டர் என்று கை இன்னும் அடம்பிடிக்கிறது. திரையைக் கொஞ்சம் இறக்கிக் கண் வரைக்கும் காட்டலாமா? அது இரண்டும் கெட்டானாகிவிடுமோ?

வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். இரண்டையும் உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன். வெறும் கட்டைவிரல் போட்டுத் தப்பித்தாயோ, மூக்குப்பொடி மாஸ்டரிடம் அந்தப் பழைய வாழைக்குலை ஓவியத்தை யார் வரைந்தது என்று சொல்லிவிடுவேன்.

உன்,
குள்ளன்